சன்னம் என்று எழுதிய நான்கு குற்றிகள்

காலை ஏழு மணிக்கு மல்லாவியிலிருந்து லொறி கிளம்பியது. பின்னால் பன்னிரண்டு வேப்பமரக் குற்றிகள். முன்னால் ஓட்டுநர், தச்சர் சங்கச் செயலாளர் ராமையா, இருவருக்கும் நடுவே, வேலையைப் பார்க்கக் கூடவே வந்த தஞ்சாவூர்க்காரனான நான். இத்தனை காலம் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்த மல்லாவித் தச்சர்களும் கிளிநொச்சி மர ஆலைக்காரர் சங்கமும் சேர்ந்து எடுத்த முதல் வேலை: ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது மேசைகள். மரம் ஏற்றிச் செல்லும் பெர்மிட் மாலை ஆறு மணி வரைதான். அதற்குள் மரம் பலகையாகித் திரும்பாவிட்டால் வேலை கொழும்புக்காரர்களுக்குப் போய்விடும்.

மாங்குளத்தில் பெருவீதியில் ஏறினோம். முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, இருநூறு ரூபாய்க்கு வறுத்த கச்சான், எங்கள் ஊர் வேர்க்கடலைதான். சுமார் நாற்பது கிலோமீட்டர். கச்சான் தீர்வதற்குள் ஆலை வந்துவிட்டது.

ஆலை, மர ஆலைக்காரர் சங்கத் தலைவி தவமலருடையது. குற்றிகளைச் சுற்றி வந்தவர் நான்கை ஓரமாக உருட்டச் சொன்னார்.

"இதுகளை அரிய ஏலாது அண்ணை. வாள் உடைஞ்சு தெறிச்சால் என்ர ஆக்களின்ர கை போயிடும்."

"ஏன் அக்கா, நல்ல மரம்தானே?" என்றார் ராமையா.

"நீங்கள்தானே வெண்கட்டியால சன்னம் எண்டு எழுதி விட்டிருக்கிறியள்!"

ராமையா முழித்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. "ஐயோ அக்கா, எங்க வீட்டுல சன்னம்னா மெல்லிசு. மேல்பலகைக்கு மெல்லிசா அறுக்கச் சொல்லி எழுதினேன்!"

வன்னியில் சன்னம் என்றால் துப்பாக்கிக் குண்டு. யுத்தத்தில் பாய்ந்தது, மரம் வளர வளர அதை மூடிக்கொள்ள, உள்ளேயே கிடக்கும். சந்தேகமான குற்றியில் அப்படி எழுதிவிட வேண்டும் என்பது இரு சங்கங்களின் ஒப்பந்தம்; அவசரத்தில் வீட்டுப் பேச்சில் எழுதிய ராமையாவுக்கு அது மறந்துபோயிருந்தது. ஆலையே சிரித்தது; நானும்தான்.

தவமலர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எண்டாலும் சந்தேகம் வந்திட்டுது. பாத்திட்டு அரிவம்."

"நேரம் போகுதே அக்கா!"

"கை போனால் வருமோ?"

இரும்பு கண்டுபிடிக்கும் கருவி சங்கத்துக்கே ஒன்றுதான். அன்று பரந்தனில் இருந்தது. தொழிலில் தவமலருக்குப் போட்டியான அந்த ஊர் ஆலைக்காரர், தன் வேலையை நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் அவரே கொண்டுவந்தார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பன்னிரண்டையும் தடவினார்கள். பதினொன்றில் சத்தமில்லை. ராமையா எழுதியவற்றுள் ஒன்றில் கருவி வீரிட்டது. உளியால் குடைந்ததில் புளியங்கொட்டை அளவில் கறுத்த சன்னம் ஒன்று வெளியே வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

ராமையா மூன்று குற்றிகளில் எழுத்தை ஈரத்துணியால் துடைத்து 'மெல்லிசு' என்று எழுதினார். நான்காவதைத் தொடவில்லை.

நாலரை மணிக்குப் பலகைகளோடு புறப்பட்டோம். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க மல்லாவி.

எங்கள் ஊரில் சன்னம் என்றால் அரிசி. கடைவாசலில் நின்று எத்தனையோ தடவை "சன்னமா இருக்கா?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தச் சொல்லுக்குப் பயந்ததில்லை.