ஈரம் இருக்கக் கூடாது என்று நான் சொன்னேன்

பல்லேடியம் அணுக்களின் மேல் எது எப்படி ஒட்டுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் கோவையில் என் வேலை. கொட்டாங்குச்சிக் கரிப்பொடியில் பல்லேடியத்தைப் படியவைத்து, ஒரு மருந்துப்பொருளைச் சீக்கிரம் தயாரிக்க வினையூக்கி செய்துகொண்டிருந்தோம். திரையில் நான் வடிவமைப்பேன். அடுத்த அறையில் நண்பன் செய்து பார்ப்பான்.

என் கணக்குப்படி பறக்க வேண்டிய வினை அவன் குடுவையில் பாதியிலேயே நின்றது. ஐந்தாவது முறையும் நின்ற அன்று, அவன் மேஜையிலிருந்த பீக்கரை எடுத்துச் சுவரில் அடித்தேன்.

"கணக்குல தப்பில்ல. உன் கையிலதான் தப்பு. தண்ணி போய் அணுவை அடைச்சுக்குது. பொடியில ஈரம் துளி இருக்கக் கூடாது."

"காயவெச்சா தீப்புடிக்கும்டா. ஈரத்தோடதான் தொடணும்."

"பயந்தாங்கொள்ளி!"

அவன் என் சட்டையைப் பிடித்தான். நான் தள்ளிவிட்டேன். செருப்புக்கடியில் கண்ணாடி நொறுங்கியது.

மத்தியானம் அவன் பொடியை நன்றாகக் காயவைத்து, அதன்மேல் மெத்தனாலை ஊற்றியிருக்கிறான். காற்றை விரட்டும் நைட்ரஜனைக்கூடத் திறக்கவில்லை. மறந்தானா, வீம்பா, தெரியாது. அலறல் கேட்டு ஓடினேன். மெத்தனால் தீ கண்ணுக்கே தெரியவில்லை. கையுறை உருகி, தோலோடு சேர்ந்து சுருங்குவது மட்டும் தெரிந்தது. அவனைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் இழுத்தேன். நான் பிடித்த இடத்துத் தோல் என் கையோடு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அன்னூரிலிருந்து அவன் அக்கா வந்தார். தோட்டத்து மண் ஒட்டிய கால், கையில் சோற்றுத் தூக்குப்போசி.

"ஏனுங்க, ஈரம் ஆகாதுன்னு சொன்னது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

போசியால் முகத்தில் அடித்தார். புருவம் கிழிந்தது. இரண்டாவது அடி காதில் விழுந்தது. மூன்றாவதை நர்ஸ் தடுத்தார். "என்ற தம்பி கையத் திருப்பிக் குடுங்க" என்று அப்போதும் மரியாதையாகத்தான் கத்தினார். நான் குனிந்தே நின்றேன். இன்னும் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

தையலோடு திரும்பி வந்து, காய்ந்த பல்லேடியத்தின் மேல் ஆக்சிஜனும் மெத்தனாலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அதுவரை அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. அவை தீயாவதைத் தடுக்க அநேகமாக எதுவுமே இல்லை என்று விடை வந்தது.

மாதங்கள் கழித்து அவன் வந்தான். வலது கையில் இரண்டு விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. அந்தத் தீக் கணக்கைக் காட்டினேன். பார்த்தவன் என் நாற்காலியை எட்டி உதைத்தான். தரையில் விழுந்தேன்.

"எந்திரிடா. இன்னைக்கு உன் கைதான் வேலை செய்யணும்."

புதுப் பொடியைத் திரும்பத் திரும்பக் கழுவச் சொன்னான். தயாரிக்கும்போது தங்கிவிடும் குளோரின்தான் அணுக்களை அடைக்கிறது என்பது படுக்கையில் அவனுக்குத் தோன்றிய சந்தேகம். என் கணக்கில் குளோரினே கிடையாது. நைட்ரஜனைத் திறந்து, பொடியை ஈரத்தோடேயே குடுவையில் போட்டேன்.

"நடுங்காமப் புடிடா, நாயே!"

சாயங்காலம் சோதித்தபோது வினை முழுதாக முடிந்திருந்தது. முடிவுத் தாளைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வேறு ஆய்வகத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தான். இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. காரணம் என்ற இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை.