நீள ஸ்க்ரூ கேட்டு நிற்கும் வரிசை

இன்று நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? பம்பரம் அக்காவை! வாங்கிப்போய் வீட்டில் நாமே ஸ்க்ரூ போட்டுப் பூட்டிக்கொள்ளும் அலமாரி விற்கிற கடையில், புகார் கவுண்டரில் நிற்பவர். அந்தப் பெயரைக் கடைக்காரர்கள் வைத்தார்களாம். பார்த்ததுமே ஏன் என்று புரிந்துவிட்டது. உட்கார ஸ்டூல் இருக்கிறது, ஆனால் அதன்மேல் ஸ்க்ரூ டப்பாதான் உட்கார்ந்திருக்கிறது.

என் அலமாரியில் நாலு நீள ஸ்க்ரூ குறைந்தது. கேட்டு வாங்கப் போனேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். அக்கா கேட்கிறார், குனிகிறார், எடுக்கிறார், நீட்டுகிறார். பத்தே நிமிடத்தில் ஒன்பது பேரும் போயாச்சு. அசந்துபோனேன். உழைப்பென்றால் இதுதான் என்று உங்களுக்கு எழுத அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

என் முறை வந்தபோது சாப்பாட்டு நேரம். பின்னால் யாரும் இல்லை. அக்கா டப்பாவைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தார்.

“வீட்டுல நாலு சின்ன ஸ்க்ரூ மிச்சம் கிடக்குதா?”

“ஆமாக்கா. எக்ஸ்ட்ரா குடுத்திருக்காங்கன்னு நினைச்சேன்.”

“எங்க முதலாளியா? அவரு பேனா மூடியக்கூட எக்ஸ்ட்ரா குடுக்க மாட்டாரும்மா.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டப்பாவை இறக்கி ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். எட்டு நாளாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததை முதல் தடவையாக என்னிடம்தான் சொன்னாராம்.

அக்கா முன்பு இங்கேயே பேக்கிங்கில் இருந்தவர். பெட்டிக்கு நீளம் எட்டு, சின்னது எட்டு. கையில் அள்ளினாலே எட்டுதான் வரும் என்கிறார். ஒரு நாளைக்குத் தொண்ணூறு பெட்டி. பக்கத்து மேசையில் அவர் நாத்தனார். அவரோ பதினாறு குழி ஐஸ் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டு, நிரம்பியபின்தான் பையில் கவிழ்ப்பார். ஐம்பது பெட்டி தாண்டாது. நீ போட்டு முடிக்கறதுக்குள்ள ஐஸே உருகிடும் என்று அக்கா வாரிக்கொண்டே இருப்பாராம்.

ஸ்க்ரூ குறைகிறதென்று ஆட்கள் வரத் தொடங்கியதும், வேகமாகப் போட்டவர்தான் விட்டிருப்பார் என்று முதலாளி அக்காவை இந்தக் கவுண்டரில் நிறுத்திவிட்டார். வரிசை இருக்கும்வரை வேலை, அப்புறம் பேக்கிங்கில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். அக்காவின் கணவர் முதுகுப் பிடிப்பால் ஆறு மாதமாக வீட்டோடு இருக்கிறார். குடும்பம் ஓடுவது இந்த ஒரு சம்பளத்தில்.

போன வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். ஒருநாள் மட்டும் நாத்தனார் இங்கே நின்றார். அறுபது பேரை அனுப்பவேண்டிய நாளில் பதினொரு பேரைத்தான் அனுப்பினார். வரிசை தெருவுக்கே போய்விட்டது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டாராம். நாத்தனாரோ அசையவில்லை. வந்தவர்களையெல்லாம் பூட்டிய அலமாரியைப் போனில் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். சாயந்திரம் நேராக அக்கா வீட்டுக்குப் போனார்.

“அண்ணி, பதினொரு பேர்ல ஒம்போது பேருக்கு ஒண்ணுமே குறையல. சின்னது போடுற எடத்துல நீளத்தப் போட்டுட்டு, நீளம் பத்தலன்னு வராங்க. ஷீட்டுல ரெண்டையும் ஒரே அளவுல வரைஞ்சு வெச்சிருக்கு.”

ஷீட் என்பது எப்படிப் பூட்டுவது என்று பெட்டிக்குள் வைக்கிற படத்தாள். அதில் சிவப்புப் பேனாவால் திருத்தியும் கொடுத்திருக்கிறார். முதலாளியிடம் அவர் வாய் திறக்கவில்லை. அண்ணியின் பிழைப்பாயிற்றே. அந்தத் தாள் எட்டு நாளாக அக்காவின் டிராயரில் கிடக்கிறது.

“ரெண்டு வருஷமா தெனம் அறுபது பேரு. எங்க போட்டீங்கன்னு ஒருத்தரக்கூட நான் கேக்கல. கேக்க எங்க நேரம்? அப்போ நான் இத்தன நாளும் வேலை செஞ்சேனா, செய்யலையா? பேக்கிங்ல விட்டது நானா, இந்தத் தாளா? நீங்களே சொல்லுங்கம்மா.”

எனக்கு என்ன தெரியும்? தாளைக் கொடுத்தால் வரிசை போகும், வரிசை போனால் வேலை போகும். கொடுக்காவிட்டால் நாளைக்கும் மூச்சு முட்ட ஓடலாம், எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

முதலாளி சாப்பிட்டுவிட்டு வந்தார். எங்கள் கடையிலேயே ஒரு நிமிடம் சும்மா இல்லாதவர் இவர்தான் என்று அக்காவைக் காட்டி என்னிடம் பெருமையடித்துக்கொண்டார். அக்காவின் முகம் சுருங்கியது. டிராயரைத் திறந்து தாளை நீட்டினார்.

“நாத்தனார் கண்டுபிடிச்சது சார். இத மாத்திட்டா இங்க வரிசையே நிக்காது.”

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அச்சகத்துக்குப் போன் போட்டார். அக்காவின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்காவும் கேட்கவில்லை. அதற்குள் நாலு பேர் வந்துவிட்டார்கள். எந்தப் பலகையில் போட்டீர்கள், படம் இருக்கிறதா என்று அக்கா முதல் ஆளிடம் விசாரிக்க ஆரம்பித்தார். அந்த ஒருவருக்கே ஐந்து நிமிடம் ஆனது. பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து நாலு ஸ்க்ரூவையும் கழற்றி மாற்றிப் போட்டேன். சரியாக உட்கார்ந்துவிட்டது. எனக்குத்தான் அழுகை வருகிறது. அக்கா செய்தது கெட்டிக்காரத்தனமா, தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டதா, இன்னும் விளங்கவில்லை.

புதுத் தாள் இரண்டு வாரத்தில் அச்சாகிவிடுமாம். உங்களில் யாருக்காவது கடை, கிடங்கு, பேக்கிங் வேலை இருந்தால், இல்லை தெரிந்தவர்களுக்கு இருந்தால், இதை அவர்களுக்கு அனுப்புங்கள். அதற்குள் அக்காவுக்கு ஓர் இடம் கிடைக்கவேண்டும்.