பூசை ரசத்துக்கு இரண்டு பூட்டு

ஊரெங்கும் மதுவிலக்கு இருந்த ஐம்பதுகளில், போடிநாயக்கனூரில் திராட்சை ரசம் விற்க சர்க்கார் உத்தரவு வாங்கிய கடை எங்களுடையது. மாதா கோயில் பூசைக்கான ரசம்தான். ஆனாலும் போத்தலில் இருப்பது மதுவாயிற்றே, சட்டம் விடுமா? அதுவரை பூசைக்கு ஒரு போத்தல் வேண்டுமென்றால்கூட, சாமியார்கள் பெர்மிட் எழுதி வாங்கிக்கொண்டு மதுரைக்குத்தான் போய்வர வேண்டும். ஒரு வருடம் மழையில் பாதை அறுந்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் பங்குச் சாமியார் பாதி வழியிலேயே திரும்பிவந்தார். மெழுகுவர்த்தியும் சாம்பிராணியும் பலசரக்கும் விற்றுக்கொண்டிருந்த என் கணவரிடம், நீயே லைசென்ஸ் எடுத்துவிடு, தேவாரம் ஊர்வரை உள்ள சிறு கோயில்களுக்கும் உதவியாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்.

என் கணவருக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுத்தும் அப்படித்தான். நான் பத்தாவது வரை படித்தவள், மனுவை நான் எழுதினேன்.

கலெக்டர் ஆபீஸிலிருந்து நகரசபையின் சம்மதத்தைக் கேட்டார்கள். அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வரும்போது 'பிராந்திக் கடை வருது' என்று ஆகிவிட்டிருந்தது. எதிர்த்து ஒரு மனு கிளம்பியது. அதில் முதல் கைநாட்டு, எங்கள் கடைக்கு எதிரே இருந்த கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், ஏலக்காய் பொறுக்கும் அக்காவுடையது. போடிமெட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் மலையாளச் சீமையில் சாராயக்கடை உண்டு. அவர் கணவர் அங்கே போய்க் குடித்துவிட்டு இறங்கி வரும்போது ஒரு வளைவில் விழுந்து செத்துப்போனவர். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். இருந்தும் எங்களைப் போய் அவர் சந்தேகப்பட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் மத்தியானம் கிட்டங்கிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஒரு சொட்டுக் குடிக்காதவர் என்பது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும் தாயி. குடிக்காதவரு கடைக்குத்தான் குடிகாரன் வந்து கெஞ்சுவான். உன் வீட்டுக்காரரு எத்தன பேருக்கு இல்லேன்னு சொல்லுவாரு?"

அவர் சொன்னது நிஜம்தான். என் கணவர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். சண்டை போடப் போனவள், வேறு என்ன செய்தால் உங்களுக்குச் சம்மதம் என்று கேட்டபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். ரசப் போத்தல்கள் வைக்கும் பெட்டிக்கு இரண்டு பூட்டு போட வேண்டும், ஒரு சாவி சாமியாரிடம் இருக்க வேண்டும், திறப்பது பகலில், கிட்டங்கிப் பெண்கள் பார்க்க, கடை வாசலில் நடக்க வேண்டும். இதுதான் அவர் சொன்னது. சாயங்காலமே மனுவைத் திருத்தி எழுதினேன்.

நகரசபை கூடிய நாளில் நானும் என் கணவரும் அக்காவுமாக மூன்று பேரும் போனோம். கேட்ட கேள்விக்கு என் கணவர் திக்கியதைப் பார்த்து, நீயே வாசியம்மா என்று தலைவர் என்னிடம் சொன்னார். மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசித்தேன். சுதந்திரத்துக்கு முன்பு கள்ளுக்கடை மறியலில் ஜெயிலுக்குப் போன உறுப்பினர் ஒருவர் எழுந்து, இந்தம்மாவே எதிர்த்துக் கைநாட்டு வைத்திருக்கிறாரே என்று அக்காவைக் காட்டிக் கேட்டார்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "கடை வேண்டாம்னுதான் அய்யா இப்பவும் சொல்றேன். இது கடை இல்ல, சாமிக்குப் போற பெட்டி. ஒரு போத்தலு தப்பான கைக்குப் போச்சுன்னா நானே இங்க வந்து சொல்றேன். அன்னைக்கே மூடிருங்க."

மறியல் செய்தவரும் கையைத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது. சில வாரங்களில் கலெக்டரின் உத்தரவு வந்தது. சாமியார் அதை வாசித்து அர்த்தம் சொன்னார். கிட்டங்கியில் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட நிபந்தனைகள் மூன்றும் சர்க்கார் முத்திரையோடு இங்கிலீஷில் டைப் அடிக்கப்பட்டிருந்தன. உடனே தெருவைக் கடந்துபோய் அக்காவுக்குச் சொன்னேன். "நான் சொன்னதயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அடுத்த வருடம் மலையிலிருந்து ஒரு எஸ்டேட் முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் எஸ்டேட்டுக்கு மாதாமாதம் பலசரக்கு லோடு எங்கள் கடையிலிருந்துதான் ஏறும். வீட்டில் கல்யாண விருந்து, நாலு போத்தல் வேண்டும் என்றார். இன்னொரு சாவி சாமியாரிடம் இருக்கிறது என்று என் கணவர் சொன்னார். சாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார் முதலாளி. நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அதற்கு முன்பு கேட்டதில்லை.

"ரெண்டு சாவியும் என் கையில இருந்தாலும் தர மாட்டேன் மொதலாளி. இது பூசைக்கு."

ஜீப்பு போய்விட்டது. எஸ்டேட் லோடும் அதோடு நின்றது. இரண்டு வருடம் கஷ்டம்தான். கிட்டங்கிப் பெண்கள் அரிசி பருப்பை எங்களிடம் வாங்கத் தொடங்கினார்கள். எஸ்டேட் வியாபாரத்துக்கு அது ஈடாகாது. ஆனால் என் கணவர் அன்றைக்குப் பேசியதை நினைத்தால் இப்போதும் என் முதுகு நிமிர்கிறது. நான் எழுதிய மனுவைவிட அது பெரிது.

நாங்கள் லைசென்ஸ் வைத்திருந்த காலம் முழுவதும் ஒரு போத்தல்கூடக் கணக்கில் குறைந்ததில்லை. மதுவிலக்கு அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் வருவார், எண்ணிப் பார்ப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டு மோர் குடித்துப் போவார். புதுப்பிக்கும் மனு நகரசபைக்கு வந்தபோதெல்லாம் அதை முன்மொழிந்தவர் அந்த மறியல்காரர்தான்.