லூர்துமேரி நிறுத்திய மாத்திரை

ஹீமோகுளோபின் நாலு. மெஷின் கோளாறு என்று நினைத்து, ரத்தத்தை மறுபடி ஓட்டச் சொன்னேன். மறுபடியும் நாலுதான். வெள்ளையணு, தட்டணு எல்லாமே இறங்கிக் கிடந்தன. ஆள் பஸ் பிடித்து வந்திருக்கிறார் என்றார்கள். எப்படி வந்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் பதாலஜி டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நாங்கள் ஸ்லைடைத்தான் பார்ப்போம், ஆளைப் பார்க்க மாட்டோம் என்று மற்ற டாக்டர்கள் கேலி பேசுவார்கள். போன் மேரோ, அதாவது எலும்பு மஜ்ஜை, எடுக்கும்போது மட்டும் ஆளையும் பார்த்தாக வேண்டும்.

பஸ்ஸில் வந்த அந்த ஆள் சவரிமுத்து, திருவையாற்றுப் பக்கம் குத்தகை நிலத்தில் நெல் போடுபவர். எச்.ஐ.வி. இருந்தது. சிறுநீரகம் பழுது என்பதால் வழக்கமான மாத்திரை ஒத்துக்கொள்ளாமல், ஜிடோவுடின் கலந்த மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது சிலருக்கு ரத்தத்தைக் குறைக்கும். எச்.ஐ.வி. வைரஸும் குறைக்கும். மஜ்ஜையைக் கெடுப்பது இதில் எது, இல்லை டி.பி., புற்றுநோய் என்று வேறு ஏதாவதா என்று கேட்டு, எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. பிரிவிலிருந்து டாக்டர் தினகரன் என்னிடம் அனுப்பியிருந்தார்.

இடுப்பெலும்பில் ஊசி இறக்கும்போது பலசாலிகளே கத்துவார்கள். இவர் முனகக்கூட இல்லை. வெளியே நின்ற மனைவி லூர்துமேரி, தினமும் ஆட்டுச் சுவரொட்டியும் முருங்கைக்கீரையும் கொடுக்கிறேன், ரத்தம் ஊறவே மாட்டேன் என்கிறதே என்று புலம்பினாள்.

ஸ்லைடைப் பார்த்தேன். சாயம் ஏற்றினால் இரும்புச்சத்து நீலமாகத் தெரியும். அவர் மஜ்ஜை முழுக்க நீலம். பாவம், அந்தப் பெண் ஆக்கிப் போட்டதெல்லாம் இருப்பில் கிடந்தது, எடுத்து ரத்தமாக்கத்தான் வழியில்லை. சிவப்பணுவாக வேண்டிய செல்கள் கோணல்மாணலாக இருந்தன. எச்.ஐ.வி., ரத்தம் உண்டாக்கும் மூலச்செல்லைவிட அது வளர்கிற இடத்தைத்தான் அதிகம் கெடுக்கும். இங்கே அதுதான் நடந்திருந்தது. டி.பி.யும் இல்லை, புற்றுநோயும் இல்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஜிடோவுடின் சாப்பிடுகிறவர்களுக்குச் சிவப்பணு பெருத்திருக்கும். இவருடைய பழைய ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருந்தது. இப்போதோ சாதாரண அளவு.

லூர்துமேரியைத் தனியாகக் கூப்பிட்டேன். எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது.

"அவர் மாத்திரை சாப்பிடலை. ரத்தத்துலயே தெரியுது. திட்ட மாட்டேன், சொல்லும்மா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நான்தாங்க நிறுத்தினேன். அவரு மாத்திரை வேணும்னுதான் கேட்டாரு. சம்பா நடவப்ப வெளுத்துப்போய் வரப்புல உக்காந்துட்டாரு. இந்த மாத்திரைதான் ரத்தத்தக் குடிக்குதுன்னு மாத்திரை குடுக்கிற எடத்துல சொன்னேன். மாத்திரையக் குறை சொல்லாதேன்னு அதட்டி அனுப்பிட்டாங்க. பிடுங்கி வச்சுக்கிட்டேன். களையெடுப்புக்கு அவரே நடந்து வந்தாருங்க, டாக்டரம்மா. என் கண்ணால பாத்தேன்."

பொங்கலுக்குள் ஆள் மறுபடி விழுந்துவிட்டார்.

தினகரனிடம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். மாத்திரை மேல் தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் மேடம், ஒருத்தரிடம் சொன்னால் பத்துப் பேர் நிறுத்துவார்கள் என்றார். அவர் பயமும் நியாயமானதுதான். மாத்திரையை விட்டுவிட்டுக் கடைசியில் ஸ்டிரெச்சரில் வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் இந்தப் பெண்ணிடம் பொய் சொன்னால் புது மாத்திரையையும் அவள் பிடுங்கி வைப்பாள், புருஷன் போய்விடுவான் என்று எனக்குப் பட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கிளம்பினேன்.

"முதல்ல ரத்தம் இறங்குனதுக்கு மாத்திரைதாம்மா காரணம். நீ பாத்தது சரி. ஆனா மாத்திரைய மொத்தமா நிறுத்துனதும் அடங்கிக் கிடந்த வைரஸ் எழுந்துருச்சு. இப்ப மஜ்ஜையக் கெடுக்கிறது அது."

அவள் தலை நிமிர்ந்து கேட்டாள்.

"அப்ப நான்தான் அவரக் கொன்னுக்கிட்டிருந்தேனா?"

"நீ சொன்னப்பவே நாங்க கேட்டு மாத்திரைய மாத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதும்மா" என்றேன்.

ரத்தம் ஏற்றினோம். சவரிமுத்து பிழைத்தார். ரத்தம் மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் ஏறியது. நோயாளி சொல்வதில் பாதிதான் சரி என்றாலும், அந்தப் பாதியை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள் என்று இளைய டாக்டர்களிடம் அதற்குப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டுத் தலையாட்டுவார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது புது மாத்திரை கொடுத்த நாளைப் பற்றி. ஜிடோவுடினை எடுத்துவிட்டு அபாகாவிர் சேர்த்து, தினகரனே வார்டுக்குக் கொண்டுவந்து நீட்டினார். லூர்துமேரி கையை நீட்டவில்லை. கட்டிலில் கிடந்த புருஷனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இது என்ன கெடுதல் பண்ணும், சார்? அத இப்பவே சொல்லிடுங்க."

தினகரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். சிலருக்கு முதல் சில வாரத்தில் காய்ச்சல் வரும், உடம்பெல்லாம் தடிக்கும், வந்தால் நீங்களாக எதுவும் முடிவு செய்யாதீர்கள், ராத்திரியானாலும் உடனே இங்கே வந்துவிடுங்கள் என்று நிதானமாகச் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.