பெயிலானவர்களின் பெயர்கள்

அந்தக் காலத்து மாலைப் பேப்பரின் மை விரலில் ஒட்டும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் அதை வாங்கிப் பிரித்து, பொடிப்பொடியாக அச்சடித்த நம்பர்களைத் தடவிக்கொண்டே போவோம். பாஸானவர்களின் நம்பர் மட்டும்தான் இருக்கும்.

இல்லாத நம்பர் பெயில்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் இருந்த ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக எனக்கு இரண்டாவது வருடம். அன்று எங்கள் பள்ளி வரிசையில் என் விரல் தாவித் தாவித்தான் போனது. பாதிப் பேரைக் காணவில்லை. மார்க் ஷீட் வந்தபோது தெரிந்தது, அவர்களைக் கவிழ்த்தது கணக்கு. அதாவது, நான்.

பத்தே நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியரும் பாட ஆசிரியர்களும் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

இரண்டு பக்கத்துக்குக் காரணம் எழுதி எடுத்துப் போனேன். நான் வருவதற்கு முன் ஒரு வருடம் கணக்குக்கு ஆளே இல்லை, ஒரே அறையில் இரண்டு வகுப்பு, அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போகும் வீடுகள்... எல்லாம் உண்மைதான்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. எத்தனை பேர் பெயில்?"

"பத்தொன்பது பேர் சார்."

"பேர் சொல்லுங்க."

ஆறு பெயர் சொன்னேன். ஏழாவது வரவில்லை. அவர் திட்டவில்லை. ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பள்ளியைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் ஹெச்.எம். தேவகி மேடம் மெதுவாகச் சொன்னார். "அடுத்த வருஷமும் இப்படி ஆச்சுன்னா நம்ம ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கைதான். ஒன்பதாவது பாஸ் லிஸ்ட்டை இன்னும் ஒட்டல. தேறாதவங்கள அங்கேயே நிறுத்திட்டா பர்சன்டேஜ் தானா ஏறிடும். நிறைய ஸ்கூல்ல அப்படித்தான் பண்றாங்க."

மேடம் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். நானும்தான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்து, பத்தொன்பது பேருடைய விலாசத்தையும் எழுதிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

முதலில் மேனாம்பேட்டில் செல்வியின் வீடு. அவள் அம்மா கன்னியம்மா ஒரு காலத்தில் வயல் வேலைக்குப் போனவர். அப்போது எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இன்னா டீச்சர், ஊடு தேடி வந்துகீறீங்க?"

"செல்வி அக்டோபர்ல திரும்ப எழுதட்டும்மா. நான் சொல்லித் தர்றேன்."

"ஒரு வருசம் சொல்லிக் குடுத்தீங்களே, அப்போ வராதது இப்போ எப்டி வரும்?" முறத்தைக் கீழே வைத்தார். "எம்பொண்ணு பெயிலுன்னு தெருவுக்கே தெரியும். சொல்லிக் குடுத்தவங்க பெயிலுன்னு எந்தப் பேப்பர்லயாவது போட்டாங்களா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது போலிருந்தது.

"போடலம்மா. ஆனா நானும் பெயில்தான்."

முறத்தை மறுபடி கையில் எடுத்தார். "கம்பெனிக்கு இட்டுகினு போலாம்னு இருந்தேன்... சரி, அக்டோபர் வரிக்கும். அதுக்கு மேல என்னிய கேக்காதீங்க."

மீதிப் பதினெட்டு வீடுகளையும் முடிக்க ஒரு வாரம் ஆனது. அதன் பிறகு மேடத்திடம் போய், ஒன்பதாவதில் யாரையும் நிறுத்த வேண்டாம், கணக்கில் யார் பெயிலானாலும் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன்.

"இது உன் சர்வீஸ் ரிஜிஸ்டர் வரைக்கும் போகும். தெரியுமில்ல?"

"போகட்டும் மேடம்."

இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து என் கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டார்.

காலை ஏழு மணிக்கு வகுப்பு. பத்தொன்பது பேரில் பதினான்கு பேர் வந்தார்கள். முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. செல்விக்குப் பின்னமே தெரியாது. அவளுக்குத்தான் நான் ஒரு வருடம் அல்ஜீப்ரா நடத்தியிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தோம்.

அக்டோபரில் ஒன்பது பேர் தேறினார்கள். செல்வி தேறவில்லை. நான்கு மார்க் குறைவு.

கன்னியம்மாவே பள்ளிக்கு வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. "நாலு மார்க்குக்காவ உட்டுட முடியுமா டீச்சர்? காலைல உங்க கிட்ட வரட்டும். அப்பால கம்பெனிக்கு வந்துக்கட்டும்" என்றார்.

மார்ச்சில் செல்வி ஐம்பத்தொன்று வாங்கினாள்.

பள்ளியின் தேர்ச்சியும் நன்றாகவே ஏறியது. ஆனாலும் கல்வி அலுவலகம் போட்டிருந்த தேர்ச்சிக் கோட்டைத் தொடவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை பெயிலான ஒவ்வொருவரின் பெயரும், எந்த இடத்தில் தடுக்குகிறார்கள் என்பதும் எனக்கு மனப்பாடம். அதிகாரி மாறியிருந்தார். புதியவர் யார் பெயரையும் கேட்கவில்லை. பர்சன்டேஜைப் பார்த்து, மேடத்துக்கும் எனக்கும் ஆளுக்கொரு மெமோ கொடுத்தார். பஸ்ஸில் மேடம் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "நாளைக்கும் ஏழு மணிக்குத்தானே?" என்றார்.

அதற்கடுத்த வருடம் கோட்டைத் தாண்டினோம்.

இப்போது எந்தப் பள்ளி பின்தங்கியது, எந்தப் பாடத்தில் என்பதெல்லாம் நிமிடத்தில் திரையில் கலர் கலராகத் தெரிகிறது. நல்லதுதான். எங்களுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் செல்வி ஆறாம் வகுப்பிலேயே கண்ணில் பட்டிருப்பாள்.

நான் ரிடையராகிவிட்டேன். போன மாதம் மேனாம்பேடு பக்கம் போயிருந்தேன். அந்த வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள். எந்தக் கதவைத் தட்டினால் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்த தெரு அது...

கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். வாட்ச்மேன் எழுந்து வந்து கேட்டார்.

"யாரைப் பாக்கணும்மா?"