ஆறாம் எண் வில்லை

ரோஸ்விதா வைகெல்ட் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஜெர்மனியின் சாக்ஸனி மலைப்பாதைகளில், கண்ணாடி மாதிரி உறைந்த வளைவுகளில், வண்டி நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு நாளும் பதறியதில்லை. அவர் பதறி நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு ஸ்டோலனுக்காக, கிறிஸ்துமஸுக்குச் சுடும் ஒரு பழரொட்டிக்காக.

அவர்கள் வீட்டு மாடியில் நான் குடியேறிப் பதினோரு வருடம் ஆகிறது. நவம்பர் கடைசியில் ரம்மில் ஊறும் திராட்சையின் வாசனை கீழிருந்து படியேறி வந்துவிடும். குறித்த நாளில் திராட்சை, பாதாம், வெண்ணெய், மாவு எல்லாவற்றையும் துணிக்கூடையில் எடுத்துக்கொண்டு ரோஸ்விதா உல்மனின் ரொட்டிக்கடைக்குப் போவார். ஊரில் பாதி வீடுகளின் ஸ்டோலன் அந்த அடுப்பில்தான் வேகும். மாறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் முதுகிலும் அந்தந்த வீட்டின் எண் பொறித்த தகர வில்லையைக் குத்தி வைப்பார்கள். வைகெல்ட் வீட்டுக்கு ஆறு. எதிர்வீட்டு எல்ஃப்ரீடே ஷோன்ஹெர் அம்மாளுக்கு ஒன்பது. தலைகீழாகப் பார்த்தாலும் தெரியட்டும் என்று ஆறுக்கு அடியில் மட்டும் ஒரு கோடு உண்டு.

போன வருடம் அக்டோபரில் ரோஸ்விதாவின் கணவர் கொட்ஹார்டுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கனம் தூக்கக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது. அதனால் வெந்த ஸ்டோலன்களைக் கொண்டுவரும் பலகையின் மறுமுனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். நான்கு ஸ்டோலன்களோடு கவனமாகத்தான் வந்தோம். எங்கள் வாசற்கதவுக்கு இரண்டடி முன்னால் என் கால் வழுக்கியது. ஒன்று சரிந்து விழுந்து இரண்டாக உடைந்தது.

"அக்கா, மன்னிச்சிருங்க அக்கா..." என்றேன்.

ரோஸ்விதா பலகையைத் தரையில் வைத்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. ஸ்டோலன் உடைந்தால் அந்த வீட்டில் ஒருவர் அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டார் என்பது இந்த ஊர்ப் பேச்சு. அதைச் சொல்லிச் சிரித்தவர்தான் அவரும், அதற்கு முந்தின வருடம் வரை.

"அவர்கிட்ட மூச்சு விடாதே" என்றார். உடைந்ததைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல் துணியில் சுற்றி, நிலவறையில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒளித்தார். மீதி மூன்றுக்கும் வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவினார். அடுத்த ஒரு வாரம் கொட்ஹார்ட் இருமினால் ஓடினார், இருமாவிட்டாலும் ஓடினார். நான் மாடியில் கிடந்து என் செருப்பின் அடிப்பாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் நாங்கள் இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். நிலவறைப் படியில் காலடிச் சத்தம். வாய் நிறைய எதையோ மென்றபடி கொட்ஹார்ட் வந்து நின்றார்.

"படி இறங்காதேன்னு சொன்னேன்ல!"

"உருளைக்கிழங்கு எடுக்கப் போனேன். அது கிடக்கட்டும். ஏன்டி, திராட்சை விலை ஏறிப்போச்சா? தேடித் தேடிப் பாக்குறேன், ஒண்ணுகூட இல்லையே!"

அவர் கையிலிருந்த பாதியை ரோஸ்விதா பிடுங்கிப் பார்த்தார். உள்ளே முழுக்கப் பாதாம். திராட்சை பல்லில் ஒட்டுகிறது என்று திராட்சையே போடாத வீடு ஊரில் ஒன்றுதான். ஓடிப்போய் இழுப்பறையில் கிடந்த வில்லையை எடுத்தார். கோடு இல்லை. எங்கள் வில்லையின் கோடு தேய்ந்து வருடக்கணக்காகிறது; அதனால்தான் கடையில் ஆறும் ஒன்பதும் மாறியது யாருக்கும் தெரியவில்லை. ஒட்டிய மாவைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி அவரே தேய்த்ததுதான்.

"ஒன்பது! இது எல்ஃப்ரீடேவோடது! நம்மளது இல்லை!" அவர் சிரித்த சிரிப்பில் காபிக் கோப்பை ஆடியது. பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. "ஐயோ. அப்போ அவளுக்கா? அந்த வீட்ல அவ ஒருத்திதானே இருக்கா."

கொட்ஹார்டுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. நிலவறையிலிருந்து மறுபாதியையும் என்னை எடுத்துவரச் சொன்னார். பிறகு கத்தியை எடுத்து, உடைந்த இரண்டு முகங்களையும் ஒரு விரற்கடை சீவினார்.

"எங்கே உடைஞ்சிருக்கு? நான் வெட்டினேன். பண்டிகைக்கு முன்னாடியே திருடித் தின்னுட்டேன். அவகிட்ட அப்படியே சொல்லு."

"உன் மானம் போகும்."

"எழுபது வயசுல அதை வச்சு என்ன பண்ணப் போறேன்?"

நான்கையும் பலகையில் வைத்து நானும் ரோஸ்விதாவும் தெருவைக் கடந்தோம். இம்முறை நான் வழுக்காமல் இருக்க அடியில் ஆணி வைத்த பூட்ஸ் போட்டிருந்தேன். எல்ஃப்ரீடே அம்மாள் கதவைத் திறந்து, பலகையைப் பார்த்ததும் முகம் சிவந்தார்.

"உனக்கும் தெரிஞ்சு போச்சா?" என்றார். "வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்டி. வருஷா வருஷம் ஓரத்தில ஒரு துண்டு வெட்டி ருசி பாப்பேன். வாயில வச்சா ஒரே திராட்சை! உன்கிட்ட சொன்னா பண்டிகைக்கு முன்னாடியே வெட்டுறவன்னு ஊரெல்லாம் சொல்லுவே. அதான் வாயை மூடிட்டிருந்தேன்."

"நாங்க மட்டும் யோக்கியமா? கொட்ஹார்ட் இதைப் பாதியா வெட்டித் தின்னுட்டான்."

எல்ஃப்ரீடே அம்மாள் அதை எடுத்துப் பார்த்தார். அடியில் கத்தி எட்டாத ஓரிடத்தில் உடைசல் கரடுமுரடாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினார். என் ஆணி பூட்ஸைப் பார்த்தார். ரோஸ்விதாவின் முகத்தைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக் கத்தி மழுங்கிப்போச்சு, ரோஸ்விதா" என்றார். "உள்ள வாங்க, ரெண்டு பேரும். பாதி போனதை எதுக்கு வச்சுக் காப்பாத்தணும்?"

அங்கேயே உட்கார்ந்து அதை முடித்தோம். திராட்சை இல்லாமல் மரத்தூள் மாதிரி இருக்கிறது என்று ரோஸ்விதா சொல்லிக்கொண்டே மூன்று துண்டு தின்றார்.

கிறிஸ்துமஸ் மாலை எதிர்வீட்டிலிருந்து ஒரு நீளப் பொட்டலம் வந்தது. உள்ளே புதுக் கத்தி.

இந்த நவம்பரில் துணிக்கூடையைக் கொட்ஹார்டே தூக்கிக்கொண்டு போனார். "கீழ வைடா, இதயத்தைத் தச்சது நேத்துன்னு நினைப்பு இருக்கட்டும்!" என்று எல்ஃப்ரீடே அம்மாள் ஜன்னலைத் திறந்து கத்தினார். ஆறாம் எண்ணுக்கு அடியில் புதிதாக ஒரு கோடு அரத்தால் ராவப்பட்டிருக்கிறது, கொஞ்சம் கோணலாக. பலகையின் மறுமுனையை இந்த வருடமும் நான்தான் பிடித்தேன்.