காரில் ஏறாத மேடம்

கோட்டூர்புரம் டூட்டியில் முதல் நாள். வண்டியைத் துடைத்து, ஏசி போட்டு, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மாடியிலிருந்து இறங்கி வந்த டென்மார்க் பெண், "தேங்க்ஸ் அண்ணா, நான் நடக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னாலேயே நடை வேகத்தில் வண்டியை உருட்டினேன். எனக்குப் பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சிக்னலில் கான்ஸ்டபிள் கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னா நைனா, சாமி ஊர்வலமா?"

"மேடம் முன்னாடி நடந்து போய்க்கினு கீறாங்க சார்."

"அப்ப நீ இன்னாத்துக்கு?"

நியாயமான கேள்விதான்.

புதிதாக இந்த லைனுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வருபவர்களுக்குக் கம்பெனி கார் கொடுக்கும். அதை ஓட்டுவதுதான் எக்ஸ்பாட் டூட்டி. எங்களுக்கு அது சர்க்கார் உத்தியோகம் மாதிரி. மாதச் சம்பளம், ஞாயிறு லீவு. என் மகளை அப்போதுதான் நர்சிங்கில் சேர்த்திருந்தேன். அந்த டூட்டியை நம்பித்தான் சேர்த்தேன்.

லேனா மேடம் சின்ன வயசு. ஒரு நாட்டில் ஒரு வருஷம் வேலை, பிறகு பஸ், ரயில் என்று மெதுவாக அடுத்த நாடு. அவசரமே கிடையாது. அடையாறு ஆபீஸுக்கு நடந்தே போய், வழியில் இளநீர்க்காரர், அயர்ன் வண்டி செல்வி என்று எல்லோரிடமும் தமிழ் கற்றுக்கொண்டார். நான் ஆபீஸ் வாசலில் வண்டியோடு தூங்கினேன்.

மாதக் கடைசியில், கம்பெனிக்கு அந்த வண்டியை வாடகைக்கு விட்டிருந்த டிராவல்ஸ் ஓனர் போன் செய்தார். "அந்தோணி, வண்டி நின்னுக்கினே கீதாமே? கிலோமீட்டர் ஏறலைன்னா வண்டிய எடுத்துடுவோம்னு கம்பெனில சொல்லிட்டாங்க."

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "சாரி அண்ணா, எனக்குத் தெரியாது. நாளையில இருந்து கார்ல வரேன்."

சொன்னபடி வந்தார். காலை, மாலை, கடைக்கு, பீச்சுக்கு, எல்லாம் காரில். என் வேலை தப்பியது. ஆனால் முதல் வாரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், அப்புறம் போனைப் பார்க்க ஆரம்பித்தார். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் என்னவோ செய்தது. என் மகளைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும்.

ஒரு நாள் அயர்ன் வண்டி செல்வி காரை மறித்தாள். "இன்னாண்ணா, அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லையா? இந்தப் பக்கம் நடந்து வர்றதே இல்ல?"

வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தேன்.

"எறங்குங்க மேடம். நடங்க."

"உங்க வேலை?"

"அத்த நான் பாத்துக்கறேன். போங்க."

வாய் வீராப்புதான். கம்பெனியில் வண்டியை எடுத்துவிட்டார்கள். மேடம் எவ்வளவோ பேசிப் பார்த்தும் பலிக்கவில்லை. ஓனர் என்னை ஏர்போர்ட் டிரிப்புக்குத் தள்ளினார். ராத்திரி பகல் தெரியாத வேலை. மகளின் ஃபீஸுக்காக என் மனைவி சாந்தோம் மார்க்கெட்டில் இன்னும் ஒரு கூடை மீன் சேர்த்து விற்றாள். "ஊர்ல கீறவங்கல்லாம் நடக்கட்டும், நாம ஓடிக்கினே கெடப்போம்" என்று என்னைத் திட்டிக்கொண்டே விற்றாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம். திறந்தால், லேனா மேடம். ஓனரிடம் விலாசம் வாங்கி, கோட்டூர்புரத்திலிருந்து சாந்தோமில் எங்கள் வீடு வரை வெயிலில் நடந்தே வந்து, முகமெல்லாம் சிவந்து, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நிற்கிறார்.

"இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? புள்ளைய உள்ள கூப்டு" என்று உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

ஊரைவிட்டுப் போகும்வரை பல ஞாயிறுகள் அப்படி வந்தார். மீன் குழம்பை மூக்கில் தண்ணீர் வடிய வடியச் சாப்பிடுவார்.

தம்பிகளே, டூட்டி போகும், வரும். எனக்கும் பிறகு எத்தனையோ வந்தன. என் பின் சீட்டில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். என் வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்த ஒரு பெண்தான்.